கை பழகிய கீ கூடவே வருமா?

கேள்வி: தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ், ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு, நில விவரம் எல்லாம் நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில்தான் அடிப்பேன். என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏறாதாம். தம்பி விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுத் தருகிறேன் என்கிறான். கை பழகிய கீ எல்லாம் போய்விடுமா?
– வாசகி, வலங்கைமான்

பதில்: தம்பி சொல்வதைக் கேளுங்கள் அம்மா. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. ஊரார் ஆதாரும் பட்டாவும் வந்துபோகிற கம்ப்யூட்டரைப் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது.

உங்கள் பயம் நியாயமானது. பாகப்பிரிவினைக்கு நில விவரம் அடிக்கிறீர்கள். ‘சர்வே எண் 112/3, நஞ்சை’ என்று ஒரு வரி அடித்துக் கண்ட்ரோல்-டி தட்டினால், அதே வரி கீழே இன்னொரு முறை வந்துவிடுகிறது. உட்பிரிவையும் பரப்பையும் மாற்றினால் போதும். எதிரே அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மா கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கண் பழைய பத்திரத்தில் இருக்க, விரல் தானாக ஓட வேண்டும். அங்கே கீயைத் தேடினால் சர்வே எண் தப்பிவிடும்.

ஆனால் அந்தக் கண்ட்ரோல்-டி விண்டோஸ் கொடுத்தது இல்லை, நீங்கள் அடிக்கிற எடிட்டர் மென்பொருள் கொடுத்தது. நோட்பேட் பிளஸ் பிளஸ் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. லினக்ஸில் விண்டோஸ் மென்பொருளை ஓட்டுகிற ‘வைன்’ வழியாக ஓட்டலாம்தான், கடை வேலைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ‘ஜீனி’ என்று ஒரு இலவச எடிட்டர் இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். வரியை நகலெடுக்க அதிலும் கண்ட்ரோல்-டி, தேடி மாற்ற அதே கண்ட்ரோல்-எச். சிலது வேறு. வரியை மேலே நகர்த்த உங்களுக்குக் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-மேல் அம்பு பழக்கம், ஜீனியில் ஆல்ட்-பேஜ் அப். எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் கீபைண்டிங்ஸ் போய் உங்களுக்குப் பழகியதையே வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் விண்டோஸில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். எடிட்டரையும் சிஸ்டத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது எங்கே இடிக்கிறது என்றே தெரியாது. மாற்றிய கீ எல்லாம் ‘கீபைண்டிங்ஸ் டாட் கான்ஃப்’ என்ற ஒரே கோப்பில் இருக்கும். அதைப் பென் டிரைவில் எடுத்துவந்து, லினக்ஸில் ஹோம் ஃபோல்டருக்குள் ‘டாட் கான்ஃபிக்’, அதற்குள் ‘ஜீனி’ ஃபோல்டரில் போட்டால் வேலை முடிந்தது. ‘டாட் கான்ஃபிக்’ கண்ணுக்குத் தெரியாது. மின்ட்டின் ஃபைல் மேனேஜரில் கண்ட்ரோல்-எச் அடித்தால் தெரியும்.

தமிழில் அடிக்க ‘ஐபஸ்-எம்17என்’ என்ற மென்பொருளைப் போடச் சொல்லுங்கள். தமிழ்99, பழைய டைப்ரைட்டர் இரண்டு அமைப்பும் அதில் உண்டு. இன்ஸ்டிட்யூட்டில் கற்ற கை என்றால் டைப்ரைட்டரையே எடுங்கள், யார் என்ன சொன்னாலும் மாற்ற வேண்டாம். பழைய ஃபைல்கள் யூனிகோடில் இல்லாமல் பாமினி, வானவில் மாதிரி எழுத்துருவில் இருந்தால் அந்த எழுத்துருக்களையும் மறக்காமல் கொண்டுவர வேண்டும்.

அப்புறம் ஒன்று. மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸை அழிக்காமலேயே ஓட்டிப் பார்க்க முடியும். கடை மூடிய பிறகு ஒருநாள் தம்பியை வரச் சொல்லி, பிரிண்டரில் ஒரு மனுவைப் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். அது சரியாக வந்தால் இன்ஸ்டால் செய்துவிடலாம்.