“நல்ல சாமான்” என்கிறார்கள், வாங்குகிறார்கள் இல்லை
வாசகர் தொழிற் கேள்வி – பதில்

கேள்வி: நானும் கிளிநொச்சி அறிவியல் நகரில் என்னோடு பொறியியல் படித்த நண்பர்கள் இருவரும் சேர்ந்து, கைத்தொலைபேசியிலிருந்தே கிணற்று மோட்டரைப் போடவும் நிறுத்தவும் உதவும் ஒரு கருவியைச் செய்து விற்கிறோம். மின்சாரம் நின்றாலும், கிணற்றில் நீர் வற்றினாலும் அது குறுஞ்செய்தி அனுப்பும். நெற்செய்கையாளர்களை மனத்தில் வைத்தே தொடங்கினோம். கமக்காரர் அமைப்புகளின் கூட்டங்களில் படிவம் கொடுத்துக் கருத்துக் கேட்டபோது, ஏறக்குறைய எல்லோருமே ‘மிகவும் பயனுள்ளது’ என்ற கட்டத்தில் அடையாளம் இட்டார்கள். ஆனால் வாங்கியவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் ஒருவர் கோழிப்பண்ணை வைத்திருப்பவர், மற்றொருவர் யாழ்ப்பாணத்தில் படிப்பித்துக்கொண்டு இங்கே தோட்டம் செய்விக்கும் ஆசிரியர். இனி நாங்கள் புதிய சந்தையை எப்படித் தேடுவது?
– வாசகர், விசுவமடு

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளிலேயே சந்தை இருக்கிறது. அதற்கு முன் அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2009க்குப் பிறகு வன்னியில் ஒரு குடும்பம் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் ஓர் அலுமாரி நிறையும். மீள்குடியேற்றப் பதிவு, வீட்டுத்திட்டம், வாழ்வாதார உதவி, இழப்பு விபரம் என்று அவை வந்துகொண்டே இருந்தன. கையில் பேனையும் படிவமுமாக ஒருவர் வந்தால் அதற்குப் பின்னால் ஏதோ ஒரு பட்டியல் இருக்கிறது என்பதும், அந்தப் பட்டியலில் தன் பெயர் விடுபடக் கூடாது என்பதும் அவர்களுக்கு அனுபவம் கற்றுத் தந்த பாடம். போதாக்குறைக்கு, கேட்பவர் ஊர்ப் பிள்ளை, படித்த பிள்ளை. “நல்ல சாமான் தம்பி, வெட்டு முடியட்டும், பாப்பம்” என்று அவர்கள் சொன்னது உங்கள் மனம் நோகாதிருக்கச் சொன்ன மரியாதை வார்த்தை. அதைக் கருவியைப் பற்றிய கருத்தாகக் கணக்கில் எடுத்ததுதான் பிழை.

அடுத்து, நெற்செய்கையாளர் ஏன் வாங்கவில்லை என்பது கூட்டம் கூட்டிக் கேட்காமலே தெரிந்திருக்க வேண்டியது என்று சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழ் வயல் செய்பவருக்குத் குளத்து மதகான துருசு திறந்தால் வாய்க்கால் வழியே தண்ணீர் தானாக வருகிறது. அங்கே மோட்டருக்குப் பெரிய வேலை இல்லை. மழை குறைந்த சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம், தன் முறைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பனவே அவருடைய கவலைகள், அவையும் போகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானமாகின்றன. அந்தக் கவலையைத் தீர்க்க உங்கள் கருவியால் இயலாது. கிணற்று நீரை இறைத்து மிளகாயும் வெங்காயமும் வாழையும் பப்பாசியும் செய்யும் தோட்டக்காரருக்கு மோட்டர் உண்டு. ஆனால் அவர் மோட்டருக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறார். நடந்துபோய் ஆளியைப் போடுவதற்குக் காசு கொடுக்க அவருக்கு என்ன தேவை?

இப்போது நீங்கள் எதிர்பாராமல் வந்த அந்த இருவரிடம் போங்கள். “கருவி எப்படி இருக்கிறது?” என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். நடந்ததைக் கேளுங்கள். இதை வாங்குவதற்கு முன் தோட்டத்தில் தண்ணீர் இறைத்தார்களா என்பதை எப்படி அறிந்தீர்கள், கடைசியாக எப்போது அது பிழைத்தது, பிழைத்தபோது எவ்வளவு நட்டம், அதைத் தவிர்க்க வேறு என்ன செய்து பார்த்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அந்த ஆசிரியர் பெரும்பாலும் ஒரு கதை சொல்வார்: மாலையில் தோட்டம் பார்க்கும் பையனுக்கு அழைப்பு எடுத்தால் “ஓம் சேர், இறைச்சாச்சு” என்று பதில் வரும், சனிக்கிழமை வந்து பார்த்தால் பாத்தி வெடித்துக் கிடக்கும். அப்படியானால் அவர் காசு கொடுத்தது மோட்டரைப் போடுவதற்கன்று, தான் இல்லாத இடத்தில் நடப்பதைப் பிறர் வாய் பாராமல் அறிவதற்கு. கோழிப்பண்ணைக்காரரின் கதை வேறாக இருக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் மின்சாரம் நின்றோ கிணறு வற்றியோ தண்ணீர்த் தாங்கி வெறுமையானால் ஒரு பகலிலேயே குஞ்சுகள் செத்துவிடும் என்பதால் அவருக்கு அந்தக் குறுஞ்செய்தி ஒன்றே போதும்; போடுவதையும் நிறுத்துவதையும் அவர் தொட்டிருக்கவே மாட்டார். ஒரே கருவியை இருவரும் இரண்டு வேறு பொருள்களாக வாங்கியிருக்கிறார்கள்.

செய்தவர் நினைத்திராத பயனை வாங்கியவர் கண்டுபிடிப்பது புதிதன்று. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் குட்டோல் என்ற நிறுவனம், சுவர்த்தாள்களில் படியும் நிலக்கரிப் புகைக் கரியை ஒற்றி எடுக்கும் மாப்பசை ஒன்றை விற்றுவந்தது. வீடுகளைச் சூடாக்க நிலக்கரி போய் எண்ணெயும் எரிவாயுவும் வந்தபோது அந்த வியாபாரம் படுத்துவிட்டது. நிறுவனத்தை நடத்தியவர்களில் ஒருவரான ஜோ மக்விக்கரின் உறவினரான பாலர் பாடசாலை ஆசிரியை ஒருவர், அந்தப் பசையைப் பிள்ளைகளிடம் உருவங்கள் செய்யக் கொடுத்துப் பார்த்து, அவர்கள் அதை விரும்புவதை அவருக்குத் தெரிவித்தார். 1956இல் அந்தப் பசை சற்று மாற்றப்பட்டு ‘பிளே-டோ’ என்ற பெயரில் விளையாட்டுப் பொருளாகச் சந்தைக்கு வந்தது. கரி துடைக்க வாங்கியவர்களிடம் ஆயிரம் படிவம் நிரப்புவித்திருந்தாலும் இந்தச் செய்தி கிடைத்திராது.

ஆகவே காணி ஓரிடத்திலும் தாம் வேறிடத்திலுமாக வாழ்பவர்களைத் தேடுங்கள். தினமும் பேருந்தேறும் ஆசிரியர்களும் அரச உத்தியோகத்தர்களும், வெளிநாட்டிலிருந்துகொண்டு இங்கே தென்னையும் மாவும் வைப்பித்திருப்பவர்களும் அந்த வகையினர். அவர்களிடம் பேசி முடிக்கும்போது ஒரு சிறு முற்பணம் கேளுங்கள். பத்துப் பேரின் புகழுரை சொல்லாததை, ஒருவர் சட்டைப்பைக்குக் கை கொண்டுபோகும் விதம் சொல்லிவிடும். தயங்கினால் கோபிக்காமல் காரணத்தைக் கேளுங்கள். அங்கேதான் உண்மையான கருத்து வெளிவரும். கமக்காரரை அடியோடு விட்டுவிடவும் வேண்டாம். ஆனால் பெரும்போகமான காலபோகத்து நெல் விற்ற காசு கையில் இருக்கும்போது போங்கள். விதைப்புக்கு உரமும் கூலியும் தேடி அலையும் மாதங்களில் எந்தக் கருவியைக் கேட்டாலும் “பாப்பம்” என்பதே பதிலாக இருக்கும்.

கேள்வி: நாங்கள் பெண்கள் சிலர் சேர்ந்து ஒடியல் மா (உலர்த்திய பனங்கிழங்கின் மா), வறுத்த உழுத்தம் மா, கச்சான் அல்வா ஆகியவற்றைப் பொதி செய்து விற்கிறோம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடை போட்டால் எல்லாம் முடிந்துவிடுகிறது. வவுனியாக் கடைகளுக்குக் கொடுத்தவை மட்டும் தேங்குகின்றன. வெளிநாட்டில் உள்ளவர்கள் விரும்புவார்கள் என்கிறார்கள். நேரில் காணாதவர்களிடம் கருத்துக் கேட்பது எப்படி?
– வாசகி, முள்ளியவளை

பதில்: கோயில் திருவிழாவில் விற்றதை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். அங்கே வந்தவர் அம்மன் சந்நிதியில் நின்ற நிறைவோடு, வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்று வாங்குகிறார். அவர் திரும்ப வாங்குவாரா என்பதை நீங்கள் அறிய வழியில்லை. தேங்கி நிற்கும் கடைதான் உங்களுக்குக் கூடுதலாகக் கற்பிக்கும். அங்கே போய்ப் பொதிகள் எந்தத் தட்டில் இருக்கின்றன, பக்கத்தில் எந்த மா இருக்கிறது, கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பவர்கள் எதை வாசித்துவிட்டு வைக்கிறார்கள் என்று முதலாளியின் அனுமதியோடு ஒரு காலைப்பொழுது நின்று கவனியுங்கள்.

வெளிநாட்டைப் பொறுத்தவரை, வாங்குபவரும் உண்பவரும் ஒருவரல்லர். ஆடி, ஆவணியில் விடுமுறைக்கு வந்து திரும்புபவர் பயணப்பெட்டியில் வைக்க வாங்குகிறார். அவருக்கு முக்கியம் எடையும், எண்ணெய் கசியாத உறையும். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ சமைப்பவருக்கு முக்கியம் வேறு. ஆகவே உறையில் ஒரு வாட்ஸ்அப் இலக்கத்தை அச்சிட்டு, எழுதச் சொல்லாமல் குரற்பதிவு அனுப்பச் சொல்லுங்கள். எழுதச் சோம்புபவர்களும் அடுப்படியில் நின்றுகொண்டே பேசுவார்கள். பொதியை என்றைக்குத் திறந்தீர்கள், என்ன சமைத்தீர்கள், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற மூன்று கேள்விகள் போதும்.

“உங்கள் ஒடியல் மா கைக்கிறது” என்று யாராவது குறை சொன்னால் மாவை மாற்றப் புறப்பட்டுவிடாதீர்கள். ஒடியல் மாவை நீரில் ஊறவைத்து, அந்த நீரை வடித்துக் கைப்பைப் போக்கிவிட்டே கூழுக்கோ பிட்டுக்கோ எடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தாயிடமிருந்து வந்த அறிவு. அங்கே பிறந்து வளர்ந்த மருமகளுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. அந்தக் குறை உங்களிடம் கேட்பது உறையின் பின்புறத்தில் நான்கு வரிச் செய்முறை, அதுவும் தமிழோடு ஆங்கிலத்திலும். இன்னொரு படி போனால், கழுவி உலர்த்திக் கைப்பு நீக்கிய மாவை வேறு பெயரில் விற்கலாமா என்றும் பார்க்கலாம். அது முதல் மாவைவிடப் பெரிய சந்தையாகவும் அமையக்கூடும். பெட்டி பெட்டியாக ஏற்றுமதி செய்வதற்கான பதிவுகளையும் தரச் சான்றுகளையும் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டாம். இரண்டாம் முறை கேட்டு வாங்குபவர்கள் சேர்ந்த பிறகு ஏற்றுமதி அபிவிருத்திச் சபையை நாடுங்கள்.

கேள்வி: எத்தனை பேரிடம் கருத்துக் கேட்டால் போதும்? கருத்துச் சொல்பவர்களுக்குப் பரிசு கொடுக்கலாமா?
– வாசகர், மல்லாவி

பதில்: நேரில் பேசும்போது தொகை முக்கியமில்லை. ஒரே வகைப்பட்ட வாடிக்கையாளர்களிடம் பேசிக்கொண்டு போனால், ஒரு கட்டத்தில் அடுத்தவர் சொல்லப்போவதை நீங்களே முன்கூட்டிச் சொல்லக்கூடியதாகிவிடும். அங்கே நிறுத்திவிட்டு அடுத்த வகையினரிடம் போங்கள். எண்ணிக்கையில் அறிய விரும்பினால், கோப்புகளை இணையத்தில் சேமிக்க உதவும் டிராப்பாக்ஸ் நிறுவனத்தின் தொடக்க வளர்ச்சியில் பங்கெடுத்த சீன் எல்லிஸ் பயன்படுத்திய கேள்வி ஒன்று உண்டு: “இந்தப் பொருள் இனிக் கிடைக்காது என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?” பாவித்துப் பழகியவர்களில் 40 வீதமானோராவது “மிகவும் ஏமாற்றமாக இருக்கும்” என்றால் அந்தப் பொருளுக்கு இடம் உண்டு என்பது அவர் வைத்த அளவு. அந்தத் தொகை எட்டாவிட்டாலும், அப்படிச் சொன்ன சிலர் யார், எந்த ஊர், என்ன தொழில் என்று பாருங்கள். அவர்களுக்குள் ஒரு பொதுத்தன்மை தென்பட்டால் அடுத்து விற்க வேண்டியது அவர்களைப் போன்றவர்களுக்கே.

பரிசு வேண்டாம். பரிசு கொடுத்தால் பரிசுக்கேற்ற பதிலே வரும். வீடு தேடிப் போனால் அவர்கள் தரும் தேநீரைக் குடித்துவிட்டு, பழுதான கருவியையோ பொதியையோ அன்றைக்கே மாற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.