ஜூலையில் ஆறு பேர்: கோவளமா, பூவாறா, வர்க்கலையா?

மார்த்தாண்டத்திலிருந்து ஆறு பேர், ஜூலை கடைசியில் இரண்டு நாள். இருவருக்கு நீச்சல் தெரியாது, ஒருவருக்குக் கூட்டமே ஆகாது என்கிறீர்கள். இந்த மூன்று கேரளக் கடற்கரைகளில் என் ஓட்டு வர்க்கலைக்கு. ஆனால் குளிக்க அல்ல. தென்மேற்குப் பருவமழையில் இந்தக் கரை முழுக்கக் கடல் கொந்தளிக்கும், கோவளமும் விதிவிலக்கில்லை. சிவப்புக் கொடி பறந்தால் நீச்சல் தெரிந்தவர்களும் இறங்க வேண்டாம்.

வர்க்கலையில் செங்குன்றின் மேலேயே நடைபாதையும் கடைகளும் இருக்கின்றன. கட்டஞ்சாயாவும் பழம்பொரியுமாக உட்கார்ந்து, மழை கடலுக்குள்ளிருந்து கரைக்கு நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நீச்சல் தெரியாத இருவர் மட்டும் பைகளுக்குக் காவல் இருக்கிற கொடுமை இல்லை! செல்ஃபிக்காக விளிம்புக்குப் போகாதீர்கள், மழைக்கு மண் இடியும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, கூட்டம் பிடிக்காத நண்பருக்காக: கர்க்கடக வாவு அன்று வர்க்கலையின் பாபநாசம் கடற்கரையில் பலி தர்ப்பணத்துக்கு ஜனம் அலைமோதும். நம் ஆடி அமாவாசைதான். காலண்டரைப் பார்த்துவிட்டு அறை போடுங்கள். காரெல்லாம் வேண்டாம், குழித்துறையில் ஏறி வர்க்கலை சிவகிரி நிலையத்தில் இறங்குகிற மாதிரி ரயில் பாருங்கள்.

பூவாறு? நெய்யாறு கடலில் சேரும் இடம், படகில் சுற்றினால்தான் ருசி. அதை ஜனவரிக்கு வையுங்கள்.