சிலம்பம் ‘தெரியும்’ என்று சொல்ல எத்தனை வருஷம்?

கேள்வி: எனக்கு வயது 38. மகளைச் சிலம்ப வகுப்பில் சேர்க்கப் போய் நானும் சேர்ந்துவிட்டேன். எட்டு மாதம் ஆகிறது. வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம். அவள் இரட்டைக் கம்புக்குப் போய்விட்டாள். எனக்கு ஒற்றைக் கம்பே இன்னும் முழங்காலில் இடிக்கிறது. சிலம்பம் தெரியும் என்று தைரியமாகச் சொல்ல எத்தனை வருஷம் ஆகும்?

பதில்: இதே போக்கில் போனால் மூன்று வருஷம். வீட்டிலும் தினம் பதினைந்து நிமிடம் கம்பு எடுத்தால் இரண்டு வருஷம். நான் சொல்லிக்கொடுத்த பெரியவர்களை வைத்துச் சொல்கிற கணக்கு இது.

எட்டு மாதத்தை மணிக்கணக்காக்கிப் பாருங்கள். சுமார் 100 மணி நேரம் வரும். அதில் உடம்பைச் சூடாக்குவது, வணக்கம், முறை வரும்வரை நிற்பது, விட்டுப்போன வகுப்புகள் எல்லாம் கழித்தால் கம்பு உங்கள் கையில் சுழன்றது 50 மணி நேரம் இருக்கலாம். அதாவது இரண்டு பகல், இரண்டு இரவு. அதற்குள் மனம் தளர வேண்டாம். மொட்டைமாடியில் தினம் 15 நிமிடம் என்றால் வருஷத்துக்கு 90 மணி நேரத்தைத் தாண்டிவிடும், அத்தனையும் கம்பு சுழலும் நேரம்.

சரி, முழங்காலுக்கு வருவோம். பெரியவர்கள் கம்பு நழுவிவிடுமோ என்று இறுக்கிப் பிடிக்கிறார்கள். பிடி இறுகினால் மணிக்கட்டு திரும்பாது, முழங்கையோடு சேர்ந்து கையே சுற்றும். வட்டம் சாய்ந்து, கீழே இறங்கும்போது காலில் தட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கம்பைத் தாங்கட்டும், மற்ற மூன்று விரலும் திறந்து மூடட்டும். ஒரு சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று மெதுவாகச் சுற்றுங்கள். வட்டம் சாய்ந்தால் சுவரே தட்டிச் சொல்லிவிடும். காதையும் கொடுங்கள்: நல்ல சுற்றில் ‘விர்’ என்று ஒரே சீராகச் சத்தம் வரும், பிடி இறுகுகிற இடத்தில் அது அறுந்துபோகும்.

கம்பின் உயரத்தையும் பாருங்கள். உங்கள் புருவ மத்திக்கு மேலே போனால் இப்போதைக்கு அது உங்களுக்கு நீளம். மணிக்கட்டில் வலி வந்தால் மெல்லிய பிரம்புக்கு மாறிவிடுங்கள். தசை சில வாரத்தில் பலம் பிடித்துவிடும், தசைநாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். இந்த வயதில் அவசரப்பட்டுச் சுற்றி, தோள் வலியோடு நின்றுபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வருஷத்துக்குள் சுற்று வந்துவிடும். காலடிதான் தாமதமாக வரும். காலடி இல்லாமல் கம்பை மட்டும் சுற்றுகிறவர் மேடையில் பிரமாதமாகத் தெரிவார். எதிரே ஒருவர் கம்போடு ஓரடி முன்னே வந்தால் அப்படியே நின்றுவிடுவார். அதனால் கம்பே இல்லாமல், காலை மட்டும் வைத்து, கற்ற காலடிகளை வரிசையாகப் போட்டுப் பாருங்கள். வெறுங்கையோடு தடுமாறினால் அந்தப் பாடம் இன்னும் காலில் இறங்கவில்லை.

அப்புறம் எதிராளியோடு நிற்கிற நாள் வரும். அன்றைக்கு ஒன்றுமே தெரியாதது போல இருக்கும். கண் அவர் கம்பு நுனியையே துரத்தும், அடி வந்த பிறகுதான் கை எழும். ஏறக்குறைய எல்லோருக்கும் இப்படித்தான். மாதங்கள் போகப் போக, கண் நுனியை விட்டு அவர் தோளுக்கும் முன்னங்காலுக்கும் போகும். என்னிடம் கற்ற தையல்காரர் ஒருவர், மூன்றாவது வருஷத்தில் ஒரு மாலை, தன் மேல் வந்த கம்பு வெட்டை, காலை விலக்கிக்கொண்டே தட்டிவிட்டு, அதே ஓட்டத்தில் எதிராளியின் தோளைத் தொட்டார். சட்டென்று நின்று, “இப்ப நான் என்ன பண்ணேன் ஆசானே?” என்று கேட்டார். நீங்கள் கேட்கிற ‘தெரியும்’ அதுதான். யோசிக்கும் முன்பே உடம்பு செய்துவிடும்.

கராத்தேயில் போல பெல்ட்டின் (பட்டையின்) நிறத்தை வைத்து அளக்கலாமா என்றால், இப்போது சில சிலம்பக் கூடங்களிலும் கொடுக்கிறார்கள்தான். ஆனால் ஜப்பானிய முறையில் முதல் கருப்புப் பட்டையைக் குறிக்கும் ‘ஷோடான்’ என்ற சொல்லுக்கே தொடக்கப் படி என்றுதான் பொருள். ஜிகோரோ கானோ 1882-ல் கோடோகான் ஜூடோ பள்ளியைத் தொடங்கி, அடுத்த வருஷமே இரண்டு மாணவர்களுக்கு அந்தப் படியைக் கொடுத்தார். பிரேசிலிய ஜியு ஜிட்சு என்ற பிடிச் சண்டைக் கலையில் அதே கருப்பு நிறத்துக்கு ஏறக்குறைய பத்து வருஷம் பிடிக்கும். அதனால் நிறத்தை வைத்து அளக்க முடியாது.

மகளோடு ஒப்பிட்டுக்கொள்ளாதீர்கள். குழந்தைகளுக்கு மூட்டு இளகும், கம்பு விழுந்தால் வெட்கமும் கிடையாது. இரட்டைக் கம்பு பெரும்பாலும் அலங்கார வீச்சு. எதிரே நிற்கிற பாடம் அவளுக்கும் பாக்கி இருக்கும். ஆசானிடம் கேட்டுக்கொண்டு, இருவரும் தலைக்கவசம் போட்டு எதிரெதிரே நில்லுங்கள். முன்பே பேசிவைத்த ஒரே ஒரு வெட்டு, கால் பங்கு வேகத்தில், அவள் பத்து, நீங்கள் பத்து. இந்த வாரமே தொடங்கலாம்.