மாளிகையில் ஓர் இரவு – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜூனில் நானும் மனைவியும் மகளைப் பார்க்க இங்கிலாந்து போகிறோம். அவள் வீடு ரெடிங் பக்கம். அங்கே ஓட்டலாகிவிட்ட பழைய பிரபு மாளிகை ஒன்றில் ஓர் இரவாவது தங்கவேண்டும் என்பது மனைவியின் ஆசை. வாடகையைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. "லிஃப்ட் இருக்காது, ஏசி இருக்காது, தரை கிறீச்சிடும். அந்தக் காசுக்கு லண்டனில் நல்ல ஓட்டலே கிடைக்கும்" என்கிறார் மாப்பிள்ளை. எனக்கோ முட்டி வலி. போகலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

தாராளமாகப் போங்கள். மாப்பிள்ளை சொல்வதும் சரிதான். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் நினைத்த இடத்தில் சுவரை உடைக்க முடியாது, சட்டம் விடாது. லிஃப்டும் ஏசியும் அரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஜூன் மாதத்துக்கு ஜன்னலைத் திறந்தாலே பெரும்பாலும் போதும்.

நீங்கள் கவனிக்கவேண்டியது அறை எங்கே இருக்கிறது என்பதை. இந்த மாளிகைகள் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு வீடுகள் உண்டு. எஜமானர்கள் நடமாடியது ஒன்று. வேலைக்காரர்களின் குறுகிய பின்படிகள், அடித்தளச் சமையற்கட்டு, கூரைக்கடியில் சின்ன அறைகள், குதிரை லாயம் எல்லாம் சேர்ந்தது இன்னொன்று. விளம்பரப் படத்தில் வருவது முதல் வீடு. விலை குறைந்த அறையைப் பிடித்தால் பல இடங்களில் படுக்கை கிடைப்பது இரண்டாவதில்தான். லாயத்து அறை மோசம் என்று நான் சொல்லமாட்டேன். தரைத்தளத்தில் கிடைத்தால் உங்கள் முட்டிக்கு அதுவே நல்லது. ஆனால் மாளிகை என்று நம்பி வந்த மனைவியை லாயத்தில் இறக்கினால் பழி உங்கள் தலையில்தான் விழும். பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

ரெடிங்கிலிருந்து காரில் போய்வர ஏற்றது எய்ல்ஸ்பரி அருகே உள்ள ஹார்ட்வெல் ஹவுஸ். புரட்சியால் நாட்டை விட்டு ஓடிய பிரான்ஸின் பதினெட்டாம் லூயி, 1809 முதல் 1814 வரை பெரும் பரிவாரத்தோடு இங்கேதான் ஒண்டிக்கொண்டிருந்தார். இடம் போதாமல் பெரிய அறைகளைத் தடுத்துத் தடுத்துப் பிரித்தார்களாம். கூரைமேல் கோழியும் முயலும் வளர்த்தார்களாம். நெப்போலியன் வீழ்ந்ததும் அரியணை ஏற்கும் பத்திரத்தில் லூயி கையெழுத்திட்டது இந்த வீட்டு நூலகத்தில். ராஜா என்ற பெயரோடு இரவல் வீட்டில் ஐந்து வருடம்! அந்த மனிதர்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு.

எந்த மாளிகைக்குப் போனாலும் வேலைக்காரர்களை அழைக்கும் மணிகள் இன்னும் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். சமையற்கட்டுப் பக்கத்து நடையில், சுருள்வில்லில் வரிசையாகத் தொங்கும். மேலே அறையில் இழுத்தால் சுவருக்குள் ஓடும் கம்பி வழியாகக் கீழே மணி அடிக்கும். சிலவற்றின் அடியில் சின்ன ஊசல் ஒன்று இருக்கும். மணி ஓய்ந்த பிறகும் அது ஆடிக்கொண்டிருக்கும். கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவருகிறவர் எந்த அறை கூப்பிட்டது என்று பார்த்துக்கொள்ள அந்த ஏற்பாடு. எனக்கு வரவேற்பறைச் சரவிளக்கைவிட இதுதான் பிடித்தது.

அப்புறம், மாளிகைக்குக் காசு எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். கார்ன்வாலில் பொகானக் என்ற மாளிகையை 1717-இல் வாங்கியவர் தாமஸ் பிட். நம் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர். இங்கே இருந்தபோது 410 காரட் வைரம் ஒன்றை வாங்கி, இங்கிலாந்துக்கு அனுப்பிப் பட்டை தீட்டவைத்து, பிரெஞ்சு அரச குடும்பத்துக்கு விற்றார். பொகானக்குக்கு விலை கொடுத்தது அந்த வைரப் பணம். உங்களுக்கு அது தூரம், இந்தப் பயணத்தில் வேண்டாம்.

செலவு இன்னும் உறுத்தினால் ஞாயிறு இரவுக்குக் கேட்டுப்பாருங்கள். வெள்ளி, சனியைவிடப் பெரும்பாலும் குறைவாக இருக்கும். அதுவும் கட்டுப்படியாகவில்லையா, பல மாளிகைகளில் தங்காதவர்களும் மாலைத் தேநீருக்குப் பதிவு செய்துகொள்ளலாம். தோட்டத்தில் ஒரு நடை நடந்துவிட்டு இரவே மகள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். காரை மாப்பிள்ளை ஓட்டட்டும்.