மன்னித்த பின்பு ஜாமீன் கையெழுத்தும் போட வேண்டுமா?

கேள்வி: கடை வைப்பதற்காக என் தம்பி என் எட்டுச் சவரன் நகைகளை வாங்கி அடகு வைத்தான். வட்டி கட்டாமல் விட்டதால் அவை ஏலத்துக்குப் போயின. ஏல நோட்டீஸ் வந்ததைக்கூட எங்களிடம் மறைத்துவிட்டான். மூன்று ஆண்டுகள் எங்களுக்குள் பேச்சே இல்லை. அண்மையில் ஒரு நற்செய்திக் கூட்டத்தில் மனந்திரும்பியதாகச் சாட்சி சொன்னவன், வீட்டுக்கு வந்து அழுது மன்னிப்புக் கேட்டான். நானும் மனதார மன்னித்தேன். இப்போது தன் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறான். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. என் கணவர் வேண்டாம் என்கிறார். என் தாயாரும் சபை மூப்பர் ஒருவருமோ, “அன்பு சகலத்தையும் விசுவாசிக்கும் என்று வேதம் சொல்கிறதே, உண்மையாக மன்னித்தவள் தயங்குவாளா?” என்று கேட்கிறார்கள். பரமண்டல ஜெபத்தில் கடனாளிகளுக்கு மன்னிக்கும் வரி வரும்போது என்னால் வாய் திறக்க முடியவில்லை. நான் தயங்குவது பாவமா?
— ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: பாவமல்ல, சகோதரி. அந்த வரியை நீங்கள் தயங்காமல் சொல்லலாம். போன நகைகளுக்காக உங்கள் தம்பியைப் பழிவாங்க நினைக்காமலும், அவர் கெட்டுப்போக வேண்டும் என்று விரும்பாமலும் இருக்கிறீர்கள் என்றால், அந்த ஜெபம் கேட்கிற மன்னிப்பை நீங்கள் கொடுத்தாகிவிட்டது. மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனுடைய எஜமான் மனமிரங்கி அந்தக் கடன் முழுவதையும் மன்னித்தார் என்றுதான் ஆண்டவர் சொன்னாரே தவிர, அவனுக்கு மறுபடியும் கடன் கொடுத்தார் என்று சொல்லவில்லை. மன்னிப்பு, தேவன் நமக்கு இரங்கியதால் நாம் பிறருக்கு இலவசமாகக் கொடுப்பது. நம்பிக்கையோ, அதை முறித்தவர் தம்முடைய நடக்கையினால் திரும்பக் கட்டியெழுப்ப வேண்டியது. முன்னதைக் கொடுத்தவுடன் பின்னதும் சேர்ந்து வந்துவிட வேண்டும் என்று உங்களை நெருக்குகிறவர்கள், வேதம் கேட்காத ஒன்றை உங்களிடம் கேட்கிறார்கள்.

யோசேப்பைப் பாருங்கள். தன்னை விற்றுப்போட்ட சகோதரர் தானியம் வாங்க எகிப்துக்கு வந்தபோது, அவர்கள் தங்கள் குற்றத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசியதைக் கேட்டு அவன் ஒதுங்கிப்போய் அழுதான். பிறகு திரும்பி வந்து, அவர்களில் ஒருவனான சிமியோனை அவர்கள் கண்முன்னே கட்டுவித்தான். அதே வேளையில் அவர்களுடைய சாக்குகளைத் தானியத்தால் நிரப்பி, அவர்கள் கொடுத்த பணத்தையும் அதற்குள்ளேயே திருப்பி வைக்கச் சொன்னான். கண்ணீரும் உதவியும் எச்சரிக்கையும் ஒரே மனிதனிடத்தில் ஒன்றாக இருந்தன என்பதை ஆதியாகமம் 42-ஆம் அதிகாரம் மறைக்காமல் எழுதியிருக்கிறது. அடுத்த பயணத்தில் கடைசித் தம்பி பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைக்கச் செய்ததன் மூலம், தகப்பனுடைய செல்லப்பிள்ளையைக் கைவிட்டுத் தாங்கள் தப்பித்துக்கொள்ளும் வாய்ப்பை அவர்களுக்கு இரண்டாம் முறை உண்டாக்கினான். யோசேப்பை விற்கலாம் என்று முன்பு யோசனை சொன்ன அதே யூதா, இம்முறை தம்பிக்குப் பதிலாகத் தானே அடிமையாக இருக்கிறேன் என்று மன்றாடினான். அதைக் கேட்ட பிறகுதான் யோசேப்பு தன்னை வெளிப்படுத்தினான். யோசேப்பு செய்ததையெல்லாம் நாமும் அப்படியே செய்ய வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் கணவரின் தயக்கத்தைக் கல்நெஞ்சம் என்று யாரும் எளிதில் முத்திரை குத்திவிடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

உங்கள் தாயாரும் மூப்பரும் எடுத்துக்காட்டும் 1 கொரிந்தியர் 13:7-ஐ எழுதியவர் பவுல். நற்செய்திப் பயணத்தின்போது பம்பிலியாவில் பாதிவழியில் பிரிந்துபோன உடன் ஊழியர் மாற்கை அடுத்த பயணத்துக்கு அழைத்துச் செல்ல மறுத்தவரும் அதே பவுல்தான். அதனால் தம்மோடு ஊழியம் செய்த பர்னபாவுடன் கடுமையான வாக்குவாதமே உண்டாயிற்று. பர்னபா தம்முடைய இனத்தானாகிய மாற்கைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குப் போனார். ஆகவே உங்கள் தம்பியை உங்களுக்கு முன்பே நம்பி உதவ வேறொருவர் முன்வந்தால் அதை நீங்கள் தடுக்க வேண்டாம். பல ஆண்டுகள் கழித்து, மாற்கு ஊழியத்தில் தனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதி அவரை அழைத்துவரச் சொன்னவரும் பவுலே. இடைப்பட்ட காலத்தில் மாற்கு உழைத்துக் காட்டியிருக்க வேண்டும். உங்கள் தம்பிக்கும் அந்தக் காலம் தேவை.

ஜாமீன் என்பது சம்பிரதாயக் கையெழுத்து அல்ல என்பதையும் உங்கள் தாயாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872) 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. அவர் கட்டத் தவறினால் வங்கி நேராக உங்களிடம் வரலாம். அது உங்கள் கணவரையும் பிள்ளைகளையும் சேர்த்தே பாதிக்கும். நீதிமொழிகள் 17:18-உம் 22:26-உம் பிணைப்படுவதைக் குறித்து எச்சரிப்பதை மூப்பர் அறியாதவராக இருக்க மாட்டார்.

தம்பியிடம் பிறர் மூலமாகச் சொல்லி அனுப்பாமல், கணவரோடு உட்கார்ந்து நீங்களே பேசுங்கள். “உன்னை மன்னித்துவிட்டேன், பழையதைச் சொல்லிக் காட்ட மாட்டேன், ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, உறவினர் வீடுகளில் அந்த நகைக் கதையைப் பேசுவதையும் அன்றோடு நிறுத்திவிடுங்கள். அவருக்கு நெருக்கடி என்றால், இயன்றதை, அவருடைய பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாக நேரே பள்ளியில் செலுத்தலாம். உங்கள் மறுப்பைக் கேட்டதும் கோபித்துக்கொண்டு மறுபடியும் பேச்சை நிறுத்திவிட்டால், அவருடைய கண்ணீர் எதற்காக வந்தது என்பது ஓரளவு விளங்கும். வரி வசூலிப்பவனாகிய சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திரும்பச் செலுத்துகிறேன் என்று தானாகவே சொன்னதைப்போல, உங்கள் தம்பியும் தாமாகவே முன்வந்து நகைக்காக மாதந்தோறும் சிறு தொகையாவது தர ஆரம்பித்தால், மன்னித்துவிட்டோமே என்று மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். தாம் மாறியிருப்பதைக் காட்ட அது அவருக்கு ஒரு வழி. ஓரிரு ஆண்டுகள் அது தவறாமல் நடந்தால் ஜாமீன் விஷயத்தை உங்கள் கணவரோடு மறுபடியும் யோசிக்கலாம். அப்போதும் வேண்டாம் என்று இருவருக்கும் தோன்றினால், மறுப்பதில் குற்றமில்லை.