‘எனக்குக் கொஞ்சம் ஓசிடி’: கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

வேண்டாத எண்ணம் ஓயாமல் வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஓசிடி என்ற மனநோய்க்கு ‘எண்ணச் சுழற்சி நோய்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. பழைய சொல் ஏதாவது எடுத்துத் தர முடியுமா? அலமாரியை ஒழுங்காக அடுக்குகிறவர்களெல்லாம் ‘எனக்குக் கொஞ்சம் ஓசிடி’ என்று சொல்லி ஆங்கிலச் சொல்லையே நீர்க்கவைத்துவிட்டார்கள். என் தங்கை மகளுக்கு இந்த நோய் என்று டாக்டர் சொல்லி மூன்று மாதமாகிறது. ‘கை சுத்தமா இருக்கா மாமா’ என்று நாளைக்கு இருபது தடவை கேட்பாள். நாங்களும் சலிக்காமல் ‘சுத்தமா இருக்கும்மா’ என்று சொல்லிவருகிறோம். பொறுமையைவிட மருந்து உண்டா?

கு., கரூர்

அன்புள்ள கு.,

‘எண்ணச் சுழற்சி’ போதும். டாக்டருக்குப் புரிகிறது, மருந்துக்கடைக்காரருக்குப் புரிகிறது. புதுச் சொல் செய்யும் ஆசையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

ஆனால் ஓசிடியின் முதல் எழுத்துக்குரிய ‘அப்செஷன்’ என்ற சொல்லைப் பற்றிச் சில நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். லத்தீன் மூலத்தில் அதற்கு எதிரே வந்து உட்கார்வது என்று பொருள். படை வந்து கோட்டைக்கு வெளியே உட்கார்வது, அதாவது முற்றுகை. கிறிஸ்தவ மதகுருமார் இதை வைத்து ஒரு நுட்பமான வேறுபாடு செய்தார்கள். பேய் உள்ளே புகுந்து ஆளையே பிடித்துக்கொண்டால் ‘பொசஷன்’. வெளியே நின்று ஓயாமல் தொல்லை கொடுத்தால் ‘அப்செஷன்’. நம் புறத்திணையில் மதிலை வளைப்பவன் சூடுவது உழிஞை, உள்ளிருந்து காப்பவன் சூடுவது நொச்சி. ஓசிடி வந்தவர் நொச்சி சூடியவர். வெளியே நிற்கும் படை தன்னுடையதல்ல என்று பெரும்பாலும் அவருக்குத் தெரியும்.

பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் 1838இல் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். வயது 34, வணிகச் சூழலில் வளர்ந்தவள். பிறர் பொருள் ஏதாவது தன்னோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுமோ என்று பயம். படுக்கையை விட்டு இறங்கும் முன் பத்து நிமிடம் பாதத்தைத் தேய்ப்பாள், விரலிடுக்கில் எதுவும் இருந்துவிடக் கூடாது. செருப்பைத் திருப்பித் திருப்பி உதறிவிட்டுப் பணிப்பெண்ணிடம் கொடுப்பாள். அவளும் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று சொல்ல வேண்டும். இதெல்லாம் அபத்தம் என்று அந்தப் பெண்ணுக்கே தெரியும், புத்தியில் ஒரு குறையும் கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் பின்னால் இதற்குச் ‘சந்தேகப் பைத்தியம்’ என்று பெயர் வைத்தார்கள். அவர்களுடைய பெயர்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

1877இல் ஜெர்மனியில் வெஸ்ட்ஃபால் என்ற மனநல மருத்துவர் ‘ஸ்வாங்ஸ்ஃபோர்ஸ்டெலுங்’ என்றார். வலுக்கட்டாயமாக வரும் எண்ணம். லண்டன் அதை ‘அப்செஷன்’ என்று மொழிபெயர்த்தது, நியூயார்க் ‘கம்பல்ஷன்’, அதாவது கட்டாயம், என்றது. கடைசியில் சமரசமாக இரண்டையும் கோத்துவிட்டார்கள். ஓசிடி என்ற மூன்றெழுத்தில் முதல் இரண்டும் வந்த கதை இது. 1985இல் கால்வின் கிளைன் ஒரு வாசனைத் திரவியத்துக்கு ‘அப்செஷன்’ என்றே பெயர் வைத்தார். அந்தப் பக்கம் போன சொல்லில் முற்றுகை போய் மோகம் வந்துவிட்டது. அலமாரி அடுக்குகிறவருக்கு அடுக்குவதில் சந்தோஷம். ஓசிடிக்காரருக்கு அது வேண்டாத வேலை. நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றால், அல்லது வாழ்க்கையை முடக்கினால்தான் நோய் என்கிறது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு.

சரி, உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். அதை நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பகீரென்றது. எஸ்கிரோல் சொன்ன பணிப்பெண்ணின் வேலையைத்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்!

‘சுத்தமா இருக்கும்மா’ என்றதும் பயம் இறங்கும். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ. மாமா சொன்னதால்தான் இறங்கியது என்று மூளை கணக்கெழுதிக்கொள்ளும். பிறகு ‘மாமா சரியா பாத்தாரா?’ என்று அடுத்த சந்தேகம். இருபது தடவை நாற்பதாகும். கை கழுவுவது எப்படி நோயின் பகுதியோ அப்படித்தான் கேட்பதும். கேள்வி கேட்கிற அவளும் பதில் சொல்கிற நீங்களும் சேர்ந்து கழுவுகிறீர்கள். உங்கள் பொறுமை அன்புதான், சந்தேகமில்லை. அந்த அன்பைத்தான் நோய் தின்று வளர்கிறது.

அதற்காக நாளைக்கே ‘இனி கேக்காதே’ என்று அதட்டாதீர்கள். அவள் நிதானமாக இருக்கும் நேரத்தில், சிகிச்சை தருபவரையும் வைத்துக்கொண்டு, அவள் சம்மதத்தோடு ஒரு வாசகம் பேசிவையுங்கள். ‘இது ஓசிடி கேக்குற கேள்வி. பதில் சொல்ல மாட்டேன்னு பேசிவெச்சோம்ல? நான் கூட உக்காந்திருக்கேன்.’ இவ்வளவுதான். இந்த வாரம் பத்துக் கேள்விக்குப் பதில், அடுத்த வாரம் ஐந்து என்று குறைக்கலாம். முதல் சில நாள் கேள்வி கூடும், அழுகை வரும். பெரும்பாலான வீடுகளில் காரியம் கெடுவது அங்கேதான். ஐந்து தடவை சொல்லாமலிருந்து ஆறாவது தடவை மனமிளகிச் சொல்லிவிட்டால், ஆறு தடவை கேட்டால் கிடைக்கும் என்று நோய் கற்றுக்கொள்ளும். மாமா உறுதியாக இருந்து பாட்டி சமையலறையில் ரகசியமாகச் சொன்னாலும் அதே கதைதான். பாட்டியையும் கூட்டி உட்காரவையுங்கள்.

சிகிச்சையின் அடிப்படையும் இதுவே. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், ஓயாமல் கழுவும் நோயாளியின் அறைக்கு வரும் தண்ணீரை நிறுத்தி, சோப்பையும் அளந்து கொடுத்துப் பார்த்தார். இப்போது அவ்வளவு தடாலடி இல்லை. பயங்களைப் பட்டியலிட்டு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுவார்கள். கேட் தாழ்ப்பாள் 35 என்றால் அங்கே ஆரம்பம்; பஸ் கம்பி 70, பொதுக் கழிப்பறைக் குழாய் 95 என்றால் அவை பிறகு. உள்ளங்கை முழுதும் பதியத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்க வேண்டும். பதற்றம் ஏறி, நின்று, தானாக இறங்க முக்கால் மணியோ அதற்கு மேலோ ஆகலாம். தினமும் செய்ய வேண்டும். நுனிவிரலால் தொட்டாலும், பையில் சானிடைசர் இருந்தாலும், மனத்துக்குள் ஏதாவது எண்ணிச் சமாளித்தாலும் பலிக்காது.

மாத்திரை எழுதியிருந்தால் அளவு டாக்டர் கையில். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்ஸெடின் 20 மில்லிகிராம் போதும் என்ற இடத்தில், பெரியவர்களின் ஓசிடிக்கு 60 வரைகூடப் போக வேண்டியிருக்கும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம். மூன்றாவது வாரமே ‘மருந்து கேட்கவில்லை’ என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி ராத்திரி பதினோரு மணிக்கும் வரும். அப்போதும் அதே வாசகம், அதே குரலில். சொல்லிவிட்டு எழுந்து போகாதீர்கள், கூடவே இருங்கள்.