கல் சுவரில் ஓதம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: நாகர்கோவில் பக்கம் தாத்தா கட்டிய கருங்கல் வீடு. உள்சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரம் ஓதம். இரண்டு தடவை சிமெண்ட் பூசியும் பொரிந்து விழுகிறது. வாட்டர்புரூஃபிங் அடிக்கலாமா?

ப: வேண்டாம். மூன்றடி வரை ஒரே மட்டமாக நின்றால் அது பெரும்பாலும் தரையிலிருந்து ஏறுகிற தண்ணீர்தான். கருங்கல் அதிகம் உறிஞ்சாது, கல்லுக்கு நடுவே இருக்கிற சுண்ணாம்புக் காரைதான் உறிஞ்சி மேலே ஏற்றும், முன்பு அதே காரை வழியாகக் காய்ந்தும் போய்க்கொண்டிருந்தது, அந்த வழியைச் சிமெண்ட் அடைத்துவிட்டது. இனி எதை அடித்தாலும் ஈரம் இன்னும் மேலேதான் ஏறும்.

முதலில் வெளியே போய்ப் பாருங்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுத் தெரு உங்கள் திண்ணை உயரத்துக்கு வந்திருக்கும், இல்லையென்றால் கூரைத் தண்ணீர் சுவரோரமே விழும். சுவரோர மண்ணை உள்தரையைவிட அரை அடியாவது தாழ்த்தி (அஸ்திவாரம் வெளியே தெரியுமளவுக்குத் தோண்டிவிடாதீர்கள்), தண்ணீர் விலகி ஓடச் சரிவு கொடுங்கள். அப்புறம்தான் பூச்சு. ஓதம் முடிகிற இடத்துக்கு மேலேயும் ஓரடி சேர்த்துச் சிமெண்ட் பூச்சை உளி, சுத்தியலால் கொத்தி எடுங்கள். பிரேக்கர் மெஷின் வைத்தால் பழைய கட்டு ஆடிவிடும்.

கே: கொத்தியபின் எத்தனை நாள் காயவிட வேண்டும்?

ப: மேஸ்திரி ஒரு வாரம் என்பார், நம்பாதீர்கள். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. ஒன்றரை அடிச் சுவர் முழுக்கக் காய ஒரு வருஷத்துக்கு மேலே ஆகும். அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு கோடையாவது விடுங்கள்.

கே: வெள்ளையாக உப்பு பூக்கிறது. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?

ப: கூடவே கூடாது. ஆசிட் காரையைக் கரைக்கும், புதிதாக உப்பையும் சேர்த்துவிடும். தண்ணீரும் வேண்டாம். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழுவதை வாரி வெளியே கொட்டுங்கள், பூக்கப் பூக்க இதையே செய்யுங்கள்.

கே: மறுபூச்சுக்கு என்ன கலவை? கடுக்காய், முட்டை எல்லாம் வேண்டுமா?

ப: ஊறவைத்துப் புளித்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் குடிமுழுகாது. முட்டை வெள்ளைக்கரு செட்டிநாட்டு வீடுகளில் பளபளப்புக்காகப் போடும் மேல்பூச்சுக்கு, ஓதச் சுவருக்கு அது தேவையே இல்லை. கொத்தனார் “சீக்கிரம் இறுகும்” என்று ஒரு கை சிமெண்ட் போடப் பார்ப்பார், பக்கத்திலேயே நின்று தடுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் பூசாமல், ஈரச் சாக்கு கட்டி மெதுவாகக் காயவிடுங்கள். மேலே வெறும் சுண்ணாம்பு வெள்ளைதான், எமல்ஷன் அடித்தால் செலவெல்லாம் வீண். பூசிய பிறகும் சுவருக்குள் மிச்சமிருக்கும் உப்பு இந்தப் பூச்சில் வந்து சேரும், சில வருஷம் கழித்து அடிப்பகுதியை மட்டும் மாற்ற வேண்டி வரலாம். அது தோல்வியில்லை, பூச்சின் வேலையே அதுதான்.

கே: ஊட்டியில் பழைய கல் பங்களா. அலமாரிக்குப் பின்னால், சுவரின் மேல்பகுதியிலும் பூஞ்சணம்.

ப: இது வேறு கதையாக இருக்கலாம். அலுமினியத் தாளை நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் நனைந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, கூரையையும் கல் இடுக்குகளையும் பாருங்கள். முன்பக்கம் நனைந்தால் அறைக் காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த கல்லில் படிகிறது. அப்படியென்றால் அலமாரியை நாலு விரல் தள்ளி வைத்து, உள்ளே துணி காயப்போடுவதை நிறுத்தி, அடைத்து வைத்த பழைய புகைபோக்கியைத் திறந்துவிடுங்கள்.